அடியைப் பார்க்காமல் முரானோ என்று சொல்லாதீர்கள்

2024 மார்ச் 3

வெனிஸுக்கு அருகில், கண்ணாடிக்குப் பேர்போன முரானோ தீவின் சரக்கைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பழைய இத்தாலியக் கண்ணாடி வாங்க ஒரே ஒரு விதி போதும். முரானோ லேபிள் இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் விட்டுவிடு. மற்றதெல்லாம் வியாபாரிகள் கட்டும் கதை. பச்சையும் தேன் நிறமும் சேர்ந்த பூச்சாடி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். சிவப்பும் தங்கமுமான லேபிள் அப்படியே இருக்கிறது. ஃபிளாவியோ பொலி செய்தது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?"

அந்த லேபிளுக்காக வாங்க வேண்டாம். அது ஒரு துண்டுத் தாள். ஒன்றிலிருந்து உரித்து இன்னொன்றில் ஒட்ட அரை நிமிடம் ஆகாது. போதாததற்கு, நீங்கள் சொல்லும் சிவப்புத் தங்க லேபிள் எந்தப் பட்டறைக்கும் சொந்தமானதல்ல. சுற்றுலாக் கடைச் சரக்கிலும் ஏற்றுமதிப் பெட்டிகளிலும் பொதுவாக ஒட்டி அனுப்பியது. அது உண்மையாகவே இருந்தாலும் ஊர்ப் பெயரை மட்டும்தான் சொல்கிறது. எந்த உலை, எந்தக் காலம், வடிவத்தை வரைந்து கொடுத்தது யார் என்று எதுவும் சொல்லாது.

பொலி விஷயத்துக்கு வருவோம். ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறம், அதற்குமேல் நிறமற்ற கண்ணாடி என்று அடுக்கடுக்காகத் தோய்த்து எடுக்கும் முறைக்கு சொம்மெர்சோ என்று பெயர். செகூசோ வேத்ரி தார்தே நிறுவனத்துக்காக பொலி வரைந்தவை அந்த முறையின் உச்சம். 1954இல் இத்தாலியின் வடிவமைப்பு விருதான கொம்பாசோ தோரோ முதன்முறையாக வழங்கப்பட்டபோது வாங்கியவர்களில் அவரும் ஒருவர். அதனாலேயே இன்று இரண்டு நிறம் தெரிகிற எந்தக் கனத்த சாடியையும் தூக்கி அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்தத் தீவில் சொம்மெர்சோ செய்யாத பட்டறையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாடியைக் கவிழ்த்து, அடியைப் படமெடுத்து அனுப்புங்கள்.

மார்ச் 4

படமெடுப்பவர்களுக்கு: ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி எடுங்கள். கீறல் அப்போதுதான் தெரியும். வாய் விளிம்பு ஒரு படம், அடி ஒரு படம், நிறங்கள் சந்திக்கும் கோடு பக்கவாட்டில் ஒரு படம். முழுச் சாடியின் அழகான படம் எனக்கு எதற்கும் உதவாது.

மார்ச் 9

படங்கள் வந்தன. எல்லோருக்கும் பயன்படும் என்பதால் பார்த்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

அடி தட்டையாகத் தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்கிறது. அது சரிதான். கனமான முரானோ சாடிகளை ஆறிய பிறகு சாணைக்குக் கொண்டுபோய் அடியைச் சமன் செய்வார்கள். ஆனால் கீறல்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில், ஒரே ஆழத்தில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. அலமாரியிலும் மேசையிலும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் நின்ற சாடி அப்படித் தேயாது. அதன் கீறல்கள் மெல்லியவை. எல்லாத் திசையிலும் போகும். பாரம் இறங்குகிற விளிம்பு வளையத்தில் அடர்ந்து, நடுப்பக்கம் போகப் போகக் குறையும். படத்தில் இருப்பது உப்புத்தாளின் வேலை. யாரோ வயது ஏற்றியிருக்கிறார்கள்.

நிறக்கோடு நன்றாக இருக்கிறது. பச்சை உள்ளே, தேன் நிறம் நடுவில், வெளியே தெளிந்த கண்ணாடி. எல்லை கூர்மையாக நிற்கிறது, எங்கும் கலங்கவில்லை. கைத்திறன் உள்ளவர்தான் செய்திருக்கிறார். வாய் விளிம்பும் உலை நெருப்பிலேயே உருண்டு முடிந்திருக்கிறது; பிறகு அறுத்துத் தேய்த்த தடம் இல்லை. ஆக, முரானோவாக இருக்கலாம். 1950கள் என்று நம்ப வைக்கும் எதுவும் அதில் இல்லை. பொலி என்று சொல்லவும் ஆதாரமில்லை. பிடித்திருந்தால் நல்ல பூச்சாடிக்கு உரிய விலையைக் கொடுங்கள். பொலிக்கு உரிய விலையைக் கொடுக்காதீர்கள்.

மார்ச் 10

நேற்று விட்டுப்போனது: லேபிளின் பசை வெள்ளையாக, ஓரமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பழைய பசை மஞ்சளாகும், வெடிக்கும், ஓரத்தில் தூசி பிடிக்கும்.

மார்ச் 22

இன்னொருவர் கேட்கிறார்: அப்படி என்ன இருக்கிறது அந்தத் தீவில்? செக் நாட்டிலும் ஸ்வீடனிலும் இதைவிட நல்ல கண்ணாடி இல்லையா?

இருக்கிறது. தாராளமாக இருக்கிறது. ஆனால் முரானோவின் கதை வேறு மாதிரியானது.

1291இல் வெனிஸ் குடியரசு, தீ விபத்துக்கு அஞ்சி, கண்ணாடி உலைகளை நகரத்திலிருந்து முரானோவுக்கு மாற்ற உத்தரவிட்டது. தொழில் ரகசியத்தைக் காவல் காக்கவும் அது வசதியாகப் போயிற்று. கைவினைஞர்கள் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகக்கூடாது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஞ்ஜெலோ பரோவியர் கிறிஸ்தால்லோ என்ற நிறமற்ற கண்ணாடியைக் கொண்டுவந்தார். 1660களில் பிரான்சின் அமைச்சர் கொல்பேர் ஆசை காட்டிக் கண்ணாடி வேலைக்காரர்களைப் பாரிசுக்கு இழுத்துக்கொண்டார். 1797இல் நெப்போலியனிடம் குடியரசே விழுந்தது. அதன்பின் வந்த பல பத்தாண்டுகள் இருட்டுதான். இதையெல்லாம் எந்தப் பயண நூலிலும் படித்துக்கொள்ளலாம்.

சேகரிப்பவருக்குச் சூடு பிடிப்பது 1921இல். மிலான்காரரான வழக்கறிஞர் பாவ்லோ வெனினியும், மிலானில் கடை வைத்திருந்த வெனிஸ் பழம்பொருள் வியாபாரி ஜாகொமோ கப்பெல்லினும் சேர்ந்து ஒரு பட்டறை தொடங்கினார்கள். இருவருமே ஊதுகுழல் பிடித்தவர்கள் அல்லர். ஓவியர் வித்தோரியோ செக்கினைக் கலைப் பொறுப்பாளராக அமர்த்தினார்கள். அவர், பாவ்லோ வெரோனேசே வரைந்த, கன்னி மரியாவுக்கு வானதூதர் செய்தி சொல்லும் மங்கள வார்த்தை ஓவியத்தில் இருந்த ஒரு சாடியைப் பார்த்து, அதை அப்படியே கண்ணாடியில் எடுத்தார். மெல்லிய சுவர், ஒரே நிறம், ஒட்டு அலங்காரம் எதுவும் இல்லை. அன்றைய முரானோ, டிராகன் கைப்பிடியும் பூங்கொடியும் தங்கப் பொடியுமாக மூச்சு முட்டிக் கிடந்தது. அந்தச் சாடியைத் தீவு எப்படிப் பார்த்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெனினி நிறுவனம் இன்றும் அதைத்தான் தன் சின்னமாக வைத்திருக்கிறது.

1925இல் கூட்டாளிகள் பிரிந்தார்கள். அது முரானோவுக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் கருத்து. ஒரு பட்டறை இரண்டாகி, இரண்டும் போட்டி போட்டன.

ஏப்ரல் 2

கார்லோ ஸ்கார்ப்பாவைப் பற்றிக் கேட்டவருக்கு. அவரைப் பற்றிச் சுருக்கமாக எழுத எனக்கு வராது.

கட்டடக் கலைஞர் என்றுதான் உலகம் அவரை அறியும். 1906இல் வெனிஸில் பிறந்தவர். முதலில் கப்பெல்லினிடம், பிறகு 1932 முதல் 1947 வரை வெனினியிடம் கண்ணாடி வரைந்தார். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் தொட்ட முறைகளை மட்டும் சொல்கிறேன். உள்ளே சிறு குமிழிகளை நிரப்பிய பொல்லிச்சினே. அமிலத்தால் அரித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கொர்ரோசோ. ஆறிய கண்ணாடியின் மேல் முழுவதும் சாணையால் சிறுசிறு குழிகள் எடுத்த பத்தூத்தோ. மெல்லிய நிறக் கோடுகளை நெருக்கிச் சேர்த்துத் துணிபோல் தெரியவைத்த தெஸ்ஸூத்தோ. பழைய ரோமானியர்களின் முறையில் சிறு துண்டுகளை அடுக்கி உருக்கிச் செய்த முர்ரீனே.

பத்தூத்தோவைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். பளபளப்பே இருக்காது. விரலுக்கு வழவழப்பும் சொரசொரப்பும் இல்லாத ஒரு தொடுகை. ஒவ்வொரு குழியும் விரல் நுனிக்குத் தனியாகத் தெரியும். வெளிச்சம் மேலே தெறித்து ஓடாமல் உள்ளே இறங்கி நிற்கும். கண்ணாடி என்றால் மின்ன வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக நம்பிய தீவில், மினுமினுப்பை வேண்டுமென்றே அடக்கிய துணிச்சல் அது. இன்று பல பட்டறைகள் பத்தூத்தோ செய்கின்றன. குழிகள் ஒழுங்கு வரிசையில் சலிப்பாக நிற்பவை பெரும்பாலும் பின்னால் வந்தவை. நல்ல வேலையில் குழிகள் சாடியின் வளைவோடு திசை மாறும்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். "ஸ்கார்ப்பா செய்த சாடி" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கார்ப்பா வரைந்த சாடி என்று எழுதுங்கள். அவர் உலைக்கு அருகிலேயே இருந்து பார்த்துப் பார்த்து மாற்றினார். ஊதியவர்கள் மாயெஸ்த்ரோக்கள், அதாவது உலையின் தலைமைக் கைவினைஞர்கள். வெனினியில் அவரோடு வேலை செய்தவர்களில் அர்த்தூரோ பியாசூத்தோவின் பெயர் நிலைத்திருக்கிறது. பொபொலி என்று அழைப்பார்கள். மற்றவர்களில் பலர் பெயரில்லாமலே போய்விட்டார்கள். இது எனக்கு ஆறாத வருத்தம்.

ஏப்ரல் 29

நேற்று மாதக் கடைசி ஞாயிறு. மிலானில் நவிலியோ கிராந்தே கால்வாயோரப் பழம்பொருள் சந்தைக்குப் போயிருந்தேன். கைக்குட்டைச் சாடிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் "வெனினி" என்ற அட்டை.

இத்தாலிய மொழியில் ஃபாத்ஸொலெத்தோ. 1940களின் கடைசியில் ஃபுல்வியோ பியாங்கோனியும் பாவ்லோ வெனினியும் உருவாக்கியது. ஊதிய கண்ணாடியைத் தட்டுபோல் அகல விரித்து, மீண்டும் சூடேற்றி, தலைகீழாகத் தொங்கவிட்டால் தன் பாரத்தால் ஓரங்கள் மடிந்து விழும். மடிப்பு எங்கே விழும் என்பதில் பாதி கைப்பழக்கம், பாதி புவியீர்ப்பு. அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இராது. வெற்றி பெற்றதும் முரானோவில் எல்லோரும் செய்தார்கள். இங்கிலாந்தில் சான்ஸ் பிரதர்ஸ் நிறுவனமும் செய்தது.

சான்ஸைப் பிரித்தறிவது எளிது. அது ஊதியதே அல்ல. தட்டையான கண்ணாடித் தகட்டைச் சூடேற்றித் தொய்யவிட்டது. சுவர் எங்கும் ஒரே தடிமன். ஓரம் தேய்த்து முடித்தது. கோலில் ஒட்டிப் பிடித்த தழும்பு அடியில் இருக்காது. சந்தையில் நான் எடுத்துப் பார்த்தவற்றில் வெனினி என்று சொல்லத் தக்கது ஒன்றும் இல்லை. சான்ஸ் இருந்தது. அதுவும் அழகான பொருள்தான். அதன் பெயரிலேயே விற்றால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

மே 5

லேபிளை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அந்தக் குறிப்புக்கு இன்னொரு பாதி தேவை. பட்டறையின் சொந்த லேபிள், அதுவும் மாதிரி எண் கையால் எழுதியது, பொருளோடு ஒத்துப்போகிறதென்றால் அது பெரிய சாட்சி. பட்டறைகளின் பட்டியல்களோடு அந்த எண்ணை ஒப்பிடலாம். முதலில் பொருள், பிறகு தாள். அந்த வரிசை மாறக்கூடாது.

வெனினி குறிகளைப் பற்றி: பழையவற்றில் அடியில் அமிலத்தால் பதித்த சிறு முத்திரை. வெனினி, முரானோ, இத்தாலியா என்று மூன்று வரி. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். கழுவித் துடைக்கும்போது கண்ணில் படவே படாது. பிறகு ஊசியால் கீறிய கையெழுத்து. 1980களிலிருந்து ஆண்டு எண்ணும் சேர்ந்து வரும். ஆகவே "1950" என்று விற்கும் சாடியின் அடியில் கீறிய எழுத்தோடு 84 என்று இருந்தால், அது 1984இல் மீண்டும் செய்தது. போலி அல்ல, மறுபதிப்பு. விலை மட்டும் வேறு.

1994இல் வெனெத்தோ மாநிலம் சட்டம் போட்டு "வேத்ரோ ஆர்த்திஸ்திகோ முரானோ" என்ற வணிக முத்திரையை ஏற்படுத்தியது. புதிது வாங்குகிறவர்கள் அதைப் பார்த்து வாங்குங்கள். பழையவற்றுக்கு அது பொருந்தாது. 1960இன் சாடியில் அந்த முத்திரை ஒட்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மே 6

"அப்படியானால் முரானோ அல்லாதவை எங்கிருந்து வருகின்றன?"

நிறைய, தஸ்கனியின் எம்பொலியிலிருந்து. மதுக் குடுவையும் பெரிய ஜாடியும் செய்த ஊர். அந்தப் பச்சை நிறமும் நீளக் கழுத்தும் கூம்பு மூடியும் பார்த்தவுடன் தெரியும். அதுவும் இத்தாலியக் கண்ணாடிதான், நல்ல கண்ணாடிதான். செக் நாட்டின் க்ரிப்ஸ்கா, ஸ்கர்ட்லோவிட்ஸே பட்டறைகளிலிருந்து வந்த இழுத்து முறுக்கிய சாடிகள் இன்னொரு பெரும் கூட்டம். ஜப்பானிலும் 1960களில் இதே பாணியில் செய்தார்கள். இப்போது சீனா. தட்டிப் பார்த்தால் மணிபோல் நீண்டு ஒலிப்பது ஈயம் சேர்த்த கண்ணாடி. முரானோவுடையது சோடா சேர்ந்தது; உலையிலிருந்து எடுத்தபின் நெடுநேரம் இளகியிருக்கும். அந்தக் கூடுதல் நேரத்தில்தான் இத்தனை கைவேலையும் நடக்கிறது.

மே 19

நான்கு டாலர் சாடியின் கதையை இங்கே எடுத்துப் போட்டவருக்கு நன்றி. தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒருவர் குட்வில் என்ற பழைய பொருள் கடையில் 3.99 டாலருக்கு ஒரு சாடி வாங்கினார். அது ஸ்கார்ப்பா 1940களில் வெனினிக்காக வரைந்த பென்னெல்லாத்தே வரிசையைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. தெளிந்த கண்ணாடியின் மேல் தூரிகை வீச்சுப்போல் சுற்றிவரும் நிறப்பட்டைகள். 2023 டிசம்பரில் ரைட் ஏல நிறுவனத்தில் 1,07,100 டாலருக்குப் போனது.

இந்தச் செய்தி வந்த பிறகு சந்தைகளில் எல்லோர் கண்ணிலும் ஒரு வெறி. எனக்கு அதில் பிடித்தது பணம் அல்ல. அந்தச் சாடி அவ்வளவு காலம் ஒரு சில்லுகூடப் பெயராமல் நின்றிருக்கிறது. அதைக் கைமாற்றிய ஒவ்வொருவரும், என்னவென்றே தெரியாமல், பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள். அழகாக இருக்கிறது என்பது மட்டுமே காரணமாக இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 16

ஏப்ரல் 2 குறிப்பில் மாயெஸ்த்ரோக்களைப் பற்றி எழுதியதைத் தொடர்கிறேன்.

ஒரு உலைக் குழுவுக்குப் பியாத்ஸா என்று பெயர். மாயெஸ்த்ரோ இருக்கையில் உட்கார்ந்திருப்பார்; அவருக்குக் கீழே செர்வெந்தே, செர்வெந்தீனோ, கர்ஸோனே என்று உதவியாளர்களின் படிநிலை. நான் பார்த்த குழுவில் யாரும் பேசவில்லை. மாயெஸ்த்ரோ இடது உள்ளங்கையால் குழாயை உருட்டிக்கொண்டே வலது கையை நீட்டினார். இடுக்கி அந்தக் கையில் வந்து உட்கார்ந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கர்ஸோனே ஒரு மரப்பலகையை அவர் முழங்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் சூடு தாக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். சாடி ஆற்றும் அடுப்புக்குள் போகும்வரை உருட்டல் நிற்கவே இல்லை. நின்றால் கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிவிடும்.

இந்த அறிவை வெளியே கொடுக்கலாமா என்பது தீவில் பெரிய சண்டையாகவே இருந்தது. 1968இல் டேல் சிஹூலி என்ற அமெரிக்க இளைஞர் வெனினியில் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1979இல் முரானோக்காரர் லீனோ தல்யாபியேத்ரா அமெரிக்காவின் பில்சக் கண்ணாடிப் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார். துரோகம் என்றார்கள். நான் தல்யாபியேத்ராவின் பக்கம். பூட்டி வைத்த காலத்திலும் ரகசியம் பாரிசுக்குப் போகத்தான் செய்தது. ஒளிவுமறைவின்றிக் கொடுத்ததால் முர்ரீனேயும், கண்ணாடிக்குள் கோடுகளை வலைபோல் பின்னும் ரெத்திச்செல்லோவும் செய்யத் தெரிந்தவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். முரானோவிலோ 2022இல் எரிவாயு விலை ஏறியபோது பல உலைகளை அணைத்தார்கள். இரவு பகல் ஓயாமல் எரிய வேண்டிய உலை; விலை ஏறினால் ஒரு மணி நேரம்கூடச் சிக்கனம் பிடிக்க முடியாது.

மறுத்து எழுதியவரின் வாதமும் நியாயமானதே: கற்றுக்கொண்டவர்கள் வாழ்ந்தார்கள், கற்றுக்கொடுத்த தீவு தேய்ந்தது. அந்தத் தேய்வுக்குக் காரணம் கற்பித்தது என்று மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மலிவுச் சரக்கை முரானோ என்று விற்கிறவர்களும், விசாரிக்காமல் வாங்குகிறவர்களும்தான் காரணம்.

ஜூலை 7

எச்சரிக்கை. கடை ஒன்றில், பெயர் வேண்டாம், நல்ல பழைய குடுவையைக் காட்டினார்கள். உள்ளே விரலை விட்டால் பிசுபிசுப்பு. எண்ணெய். நீர் தேங்கி உட்சுவர் வெளுத்துப்போனால் எண்ணெய் தடவி மறைப்பது பழைய தந்திரம். கழுவினால் வெளுப்பு திரும்ப வரும். அது அழுக்கு அல்ல, கண்ணாடியே அரித்துப்போனது. வாங்கும்முன் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துடைக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

ஆகஸ்ட் 11

ஆகஸ்டில் முரானோ போகிறேன் என்பவருக்கு: உலை பார்க்கவேண்டும் என்றால் தேதியை மாற்றுங்கள். ஆகஸ்டில் பல பட்டறைகள் உலையை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அங்குள்ள கண்ணாடி அருங்காட்சியகம் மட்டும் என்றால் போகலாம். 1861இல் அருட்தந்தை வின்சென்ஸோ சனெத்தி தொடங்கியது. நீல நிறத் திருமணக் கோப்பை, பரோவியர் பெயரில் அழைக்கப்படுவது, அங்கேதான் இருக்கிறது. வெனிஸின் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே தீவில் 2012இல் திறந்த லே ஸ்தான்ஸே தெல் வேத்ரோ என்ற கண்ணாடிக் காட்சியகத்தையும் விட்டுவிடாதீர்கள். 20ஆம் நூற்றாண்டுக் கண்ணாடிக்கு அதைவிட நல்ல கண்காட்சிகள் நான் பார்த்ததில்லை.

முரானோ மாயெஸ்த்ரோ ஆர்க்கிமேதே செகூசோவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1996 ஜனவரி 29 இரவு வெனிஸின் லா ஃபெனிசே நாடக அரங்கு எரிந்தபோது அவருக்கு 86 வயது. வீடு அரங்குக்கு மிக அருகில். ஜன்னலில் நின்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளிலிருந்தே உலையில் அந்த நெருப்பைச் செய்யத் தொடங்கினார். சுருண்டு ஏறும் சிவப்பு, புகை நீலம், பச்சை என்று நூற்றுக்கும் மேற்பட்ட சாடிகள். வாழ்நாள் முழுவதும் நெருப்போடு வேலை செய்த மனிதர், தன் ஊர் எரிவதைக் கண்டு வேறு என்ன செய்வார்? 1952 வாக்கில் அவர் செய்த, லேஸ் பின்னல்போல் தெரியும் மெர்லெத்தோ சாடிகளைத் தேடுபவர்கள் அதிகம். எனக்கு இந்த முதுமைக் காலச் சாடிகள்தான்.

செப்டம்பர் 8

பச்சைத் தேன் சாடிக்காரர் திரும்பி வந்திருக்கிறார். பேரம் பேசி, கடைக்காரர் முதலில் சொன்னதில் கால்பங்குக்கும் குறைவாக வாங்கிவிட்டாராம். லேபிளை என்ன செய்வது, எப்படிக் கழுவுவது என்கிறார்.

லேபிளை உரிக்காதீர்கள். பொய் லேபிளும் அந்தச் சாடியின் வரலாற்றில் ஒரு பகுதிதான். ஆனால் எங்கே, எப்போது, என்ன சொல்லி விற்றார்கள், என்ன விலை என்று ஒரு தாளில் எழுதிச் சாடிக்குள் போட்டு வையுங்கள். அடுத்து வாங்குபவர் ஏமாற மாட்டார்.

கழுவ வெதுவெதுப்பான நீர், மிருதுவான சோப்பு, தொட்டியின் அடியில் ஒரு துண்டு. கொதிநீர் வேண்டாம், கனத்த அடியும் மெல்லிய வாயும் ஒரே வேகத்தில் சூடேறாது, விரிசல் விடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பக்கமே கொண்டு போகாதீர்கள். உள்ளே சுண்ணாம்புக் கறை இருந்தால் வினிகர் ஊற்றி ஒரு இரவு விடுங்கள். பூ வைப்பதானால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். வெயில் விழும் ஜன்னலில் வைக்கலாம், நிறம் மங்காது.